டப்பாவுக்குள்ள மாடு

கொழுப்பு விக்கிற தொழில்ல இருக்கிற பெரிய தொல்ல என்னன்னா, "கொழுப்பு இருக்கு, வேணுமா?"ன்னு வாய தொறந்து கேட்டாலே சண்டைக்கு வந்துட்டோம்னு நெனைச்சுக்குவாங்க.

மொதல்ல நீங்க சொறியிறத நிப்பாட்டுங்க மச்சான்மாரே. ஒரு கையில போனு, இன்னொரு கை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா? அட்டைக் கடி, ஓயாத மழை, ரப்பர் பாலு, மூஞ்சி வெளுக்கும்னு கடைக்காரன் தலையில கட்டின கிரீமு. இந்த சப்ரகமுவயில பொறந்தவன் தோலுக்கு எதுதான் நல்லது செஞ்சிருக்கு? உங்கள்ல பாதிப் பேரு என் கஸ்டமரு. மீதிப் பேரு என்னை மாதிரியே ஏதாவது ஒரு சாமான பையில போட்டுக்கிட்டு லயத்து வரிசை வீடெல்லாம் ஏறி எறங்கி முட்டி தேஞ்சவங்க. உங்களுக்கு சொல்லாம வேற யாருக்கு சொல்றது?

நான் விக்கிறது மாட்டுக் கொழுப்பு. சின்னச் சின்னதா வெட்டி, மெல்லிசா தீ வச்சு உருக்கி, துணியில வடிச்சு, மறுபடியும் உருக்கி, வெண்ணெய் மாதிரி உறைய வச்சு டப்பாவுல போட்டது. எதப் பூசினாலும் எரியிற, லேசுல செவக்குற தோலுக்கு. செய்யிறது பெல்மதுளையில இருக்கிற நெத்மி மிஸ். முந்தி சின்னப் புள்ளைகளுக்கு படிச்சுக் குடுத்தவங்க. அவங்க மகளுக்கு எந்தக் கிரீமும் ஒத்துக்காம, ஏதோ வீடியோ பாத்து இத செஞ்சு பூசிப் பாத்தாங்க. அந்தப் புள்ளைக்கு ஒத்துப் போச்சு. எனக்கு தொழிலாப் போச்சு. நான், இந்த நிரோ, படிப்ப பாதியில விட்டவன், கொழும்புப் புடவைக் கடைய பாதியில விட்டவன், கஹவத்தைக்கு மேல இருக்கிற எங்க ரப்பர் தோட்டத்துக்கே திரும்பி வந்தவன். இதுவரைக்கும் நான் பாதியில விடாதது பேச்சு மட்டும்தான்.

மிஸ் போட்டது ஒரே ஒரு சட்டம். வாங்குறவங்க கேட்டாலும் கேக்காட்டியும் இது மாடுன்னு சொல்லிடணும். சொன்னேங்க. எல்லாருக்கும் சொன்னேன். தொல்லயே அங்கதான் ஆரம்பிச்சுது.

பஸ்ஸுல ஏறின மாடு

கொழுப்பு வாங்குறது இரத்தினபுரியில ஒரு இறைச்சிக் கடையில. கடைக்கார முஸ்லிம் நானா நல்ல மனுசன். ஆனா நான் போறப்பல்லாம், "நாய்க்குப் போட வச்சிருந்தத மூஞ்சிக்குப் பூச வந்துட்டாரு"ன்னு கடை முழுக்க கேக்கிற மாதிரி சொல்லுவாரு. அத ஐஸோட ஒரு பைக்குள்ள, அந்தப் பைய இன்னொரு பைக்குள்ள, அத என் பழைய ஸ்கூல் பேக்குக்குள்ள போட்டுக்கிட்டு பெல்மதுளை பஸ் ஏறுவேன். அந்த பேக்குல புத்தகம் கொண்டு போனத விட கொழுப்பு கொண்டு போனதுதான் ஜாஸ்தி.

ஒரு நாளு அடிச்ச மழையில பஸ்ஸு ஜன்னல் பூராவும் சாத்தியாச்சு. உள்ள மூச்சு விட எடமில்ல. ஐஸ் கரைஞ்சு என் காலடியில தண்ணி ஓடுது, வாசம் எழும்புது. முன் சீட்டுல இருந்த அம்மா திரும்பிப் பாத்தாங்க. அவங்களப் பாத்து பக்கத்து சீட்டு ஐயா திரும்பிப் பாத்தாரு. நானும் சும்மா இருக்கக் கூடாதுன்னு என் பின்னால திரும்பி, அங்க நின்ன மனுசன மொறைச்சுப் பாத்தேன். பாவம், அவரு தன் சட்டைய மோந்து பாத்துக்கிட்டாரு. ஆனா கண்டக்டர ஏமாத்த முடியல. நேரா என்கிட்ட வந்து, பேக்க பாத்து, ஓடுற தண்ணிய பாத்து, டிக்கட் புத்தகத்த தொறந்துக்கிட்டே சிங்களத்துல கேட்டாரு: "மல்லி, தம்பி, உனக்கு மட்டும் எடுத்தா எப்பிடி? மாட்டுக்கும் ஒண்ணு எடு."

முதலாளி கை கழுவினாரு

கஹவத்தை பஜார்ல ஒரு மளிகைக் கடை முதலாளி. நெத்தி நெறைய விபூதி, தலைக்கு மேல முருகன் படம், கல்லாவுல சந்தன வாசம். அவருக்கு வெரலிடுக்குல தோலு உரிஞ்சு உரிஞ்சு வரும். வெங்காய மூட்டைய தொட்டாலும் எரியும், மொளகாத் தூள தொட்டா சொல்லவே வேணாம். நான் டப்பாவ தொறந்து காட்டினதுதான் தாமதம், என்ன ஏதுன்னு கேக்கிறதுக்கு முன்னாடியே ஒரு வெரல் அள்ளி ரெண்டு கையிலயும் தேச்சுட்டாரு. "ஆ, எரியல பாரு. குளுகுளுன்னு இருக்கு. என்ன மூலிகைடா இது?"

சட்டம் சட்டம்தானே. "புல்லு தின்ன மூலிகை முதலாளி. மாடு"ன்னேன். மனுசன் கல்லாவ விட்டு எழும்பி ஓடின வேகத்துக்கு அவருக்கு முட்டி வலி இருக்குன்னு இனி யாரு சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். சவுக்காரம் போட்டு கழுவினாரு, தேசிக்காய் புழிஞ்சு கழுவினாரு, மறுபடியும் சவுக்காரம். தோலு இன்னும் மோசமா செவந்து போச்சு. திரும்பி வந்து முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு, கடையில வேற யாரும் இருக்காங்களான்னு எட்டிப் பாத்துட்டு, என் காதுக்கிட்ட வந்து கேட்டாரு: "ஏன்டா, இதையே ஆட்டுல செய்ய மாட்டாங்களா?"

முழங்கை டெஸ்ட்

எங்க தோட்டத்து வாச்சர் பெருமாள் அண்ணே எதையும் திம்பாரு, எதையும் பூசுவாரு. அதனால மாடுன்னு சொன்னதுக்கு அவரு மொகத்துல ஒண்ணும் ஓடல. கால்ல அரிப்பு, பூட்ஸ் போட்டு போட்டு தோலு தடிச்சு வெடிச்சிருந்திச்சு. மிஸ் சொல்லிக் குடுத்த மாதிரி, மொதல்ல முழங்கைக்கு உள்பக்கம் கொஞ்சமா பூசி, ஒரு நாளு பாத்துட்டு, ஒண்ணும் செய்யலன்னா காலுக்குப் பூசுங்கன்னு சொன்னேன். எங்க ஆளுங்களுக்கு கொஞ்சமான்னா என்ன அளவுன்னு உங்களுக்குத் தெரியுமே. மனுசன் முழங்கையில ஆரம்பிச்சு அப்பிடியே கழுத்து, காலு, பாதம்னு டப்பாவ தொடைச்சு எடுத்துட்டாரு.

மறுநாள் காலையில மஸ்டர் நேரம். எல்லாரும் வேலைக்கு பேரு குடுக்க நிக்கிறாங்க. பெருமாள் அண்ணே நடந்து வாறாரு. பின்னால தோட்டத்து நாயெல்லாம் வருது. அவரோட சொந்த நாயி ஜிம்மி முன்னுக்கு நின்னு அவரு கணுக்கால நக்குது, மத்ததெல்லாம் வரிசையில நிக்குது. அவரு வெரட்டவும் இல்ல, ஓடவும் இல்ல. ஓய்ஞ்சு போன மனுசனாட்டம் என் முன்னால வந்து நின்னு சொன்னாரு: "தம்பி, அரிப்பு நின்னுடுச்சு. ஆனா இனி திருடன் வந்தா கொரைக்க ஆளில்ல, இதுக என் கால நக்கிக்கிட்டுதான் இருக்கும்."

தல தெல்

செல்வி அக்கா லயத்துல எங்களுக்கு அடுத்த காம்பரா, நடுவுல ஒரு சுவருதான். ரப்பர் ஸ்டோர்ல வேல. வெட்டிக் கொண்டாற ரப்பர் பால தட்டுல ஊத்தி, அசிட் கலந்து உறைய வைக்கிற எடம். அந்தத் தண்ணி பட்டுப் பட்டு ரெண்டு உள்ளங்கையும் வெடிச்சு, ரேகையெல்லாம் செவப்பாத் தெரியும். குடுக்கிற கையொறையும் சீக்கிரமே கிழிஞ்சிடும். டிஸ்பென்சரி களிம்பு எரியும், கடைக் கிரீமு அதவிட எரியும். அக்காவுக்கு இந்தக் கையி வேணும்ங்க. சோறு ஆக்குறதுக்கு மட்டும் இல்ல. அவங்க புருஷன் மாணிக்கக் குழியில எறங்கி வேல செஞ்சு, எலிக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில கெடந்தாரு. பொழைச்சு வந்தா மாரியம்மனுக்கு தீச்சட்டி எடுக்கிறேன்னு அக்கா வேண்டிக்கிட்டாங்க. அவரு பொழைச்சு வந்துட்டாரு. போன வருஷ திருவிழாவுல அக்கா சட்டியும் எடுத்தாங்க. ஆனா ஆத்துல இருந்து கோயிலுக்கு வர்ற பாதையில, ஸ்டோர் வளைவுல, கை வெடிப்பு பிளந்து சட்டி சாஞ்சு போச்சு. கூட வந்த இன்னொரு அம்மா வாங்கிக்கிட்டாங்க. அன்னையில இருந்து புருஷன் ஒரு தும்மல் தும்மினாலும் அக்கா மொகம் வெளிறிப் போயிடும். பாதியில நிக்கிற வேண்டுதல இந்த வருஷம் முழுசா முடிக்கணும்.

அப்பதான் நான் டப்பாவோட போனேன். "என்னடா இது?"ன்னாங்க. மிஸ் வாயில வர்ற மாதிரியே, "டலோ தெல் அக்கா"ன்னேன். மாட்டுக் கொழுப்புக்கு இங்கிலீஸ்ல டலோ, எண்ணெய்க்கு சிங்களத்துல தெல். அக்கா கூட வேல செய்யிறவங்க பாதிப் பேரு சிங்களவங்க, அதனால அவங்க காதுல அது "தல தெல்"னு விழுந்திடுச்சு. தல தெல்னா சிங்களத்துல நல்லெண்ணெய். "ஓ, தல தெல்லா?"ன்னாங்க. நான் சும்மா இருப்பேனா? "தல மட்டும் இல்லக்கா, ஒடம்போட முழு மாடே உள்ளுக்கு இருக்கு. வாலு மட்டும்தான் டப்பாவுக்கு வெளிய"ன்னேன். சட்டப்படி சொல்லியாச்சு. அக்கா கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ரெண்டு பேரும் வேற வேற ஜோக்குக்கு சிரிக்கிறோம்னு எனக்கு அப்ப வெளங்கல. ஒரு வெரல் எடுத்து பூசிப் பாத்து, எரியலன்னதும் டப்பாவ மாராப்புல முடிஞ்சுக்கிட்டு சொன்னாங்க: "நல்லெண்ணெய உறைய வச்சு கொண்டாந்து விக்கிறியே, எம்டன்டா நீ!"

கோயில் வெளக்கு

திருவிழாவுக்கு காப்புக் கட்டிட்டா எங்க தோட்டமே வேற தோட்டமாயிடும். மீன் சட்டிய கழுவி கவுத்திடுவாங்க. கருவாட்டுக்கு லீவு. வாசலுக்கு வாசல் மஞ்சத்தண்ணி. செல்வி அக்கா மணிக்கட்டுலயும் மஞ்சக் காப்பு. உள்ளங்கைய விரிச்சு விரிச்சு எல்லாருக்கும் காட்டுறாங்க, வெடிப்பெல்லாம் மூடி, புதுத் தோலு வந்திருக்கு. எனக்கும் பெருமையாத்தான் இருந்திச்சு, மறைக்கல. பெருமையில நான் ஏணி மேல ஏறி கோயில் வாசலுக்கு தோரணம் கட்டிக்கிட்டிருக்கேன். கீழ அக்கா வந்து பூசாரி கையில ஒரு சாமானக் குடுக்கிறாங்க. பூசாரி முருகையா மாமா. மத்த நாளுல ரப்பர் வெட்டுறவரு. "எனக்கு கை ஆத்தின எண்ணெய் மாமா, அம்மனுக்கும் ஒரு வெளக்கு எரியட்டும். சுத்தமான தல தெல்லு"ங்கிறாங்க. பாத்தா, என் டப்பா.

ஏணியில எத்தன படி இருந்திச்சுன்னு எனக்குத் தெரியாது, நான் ஒண்ணையும் மிதிக்கல. மாமா வெரல் டப்பாவுக்குள்ள போறதுக்கும் நான் அத புடுங்குறதுக்கும் சரியா இருந்திச்சு. "மாமா வேணாம்! இது மாட்டுக் கொழுப்பு!"ன்னு கத்தினேன். கோயில் வாசல்ல இருந்த எல்லாரும் அப்பிடியே நின்னுட்டாங்க. அப்பறம் ஒருத்தர் சிரிச்சாரு. அடுத்தவரு சிரிச்சாரு. செல்வி அக்கா எல்லாரையும் விட சத்தமா சிரிச்சாங்க. நான் அம்மன் மேல சத்தியம் பண்றேன், சத்தியம் பண்ணப் பண்ண சிரிப்பு கூடுது. முருகையா மாமா கண்ண தொடைச்சுக்கிட்டு என் தோள்ல ஒரு தட்டு தட்டி சொன்னாரு: "கொழுப்பு டப்பாவுல இல்ல மருமகனே, உன் ஒடம்புலதான் இருக்கு."

ஜிம்மி சொன்ன சாட்சி

டப்பாவ கக்கத்துல இடுக்கிக்கிட்டு அக்கா வாசலுக்கே போனேன். வெளக்கு தப்பிச்சிடுச்சு. ஆனா காப்புக் கட்டின கையில தினமும் இதத்தானே பூசுறாங்க? ரொம்ப களைப்பா இருந்திச்சுங்க. ஒரு உண்மைய சொல்றது இவ்வளவு பாரமான வேலன்னு தெரிஞ்சிருந்தா கொழும்புல புடவையே மடிச்சுக்கிட்டிருந்திருப்பேன். "அக்கா, நெசமாவே மாடு"ன்னேன். சிரிச்சாங்க. "எங்க அம்மா மேல சத்தியமா"ன்னேன். "உங்கம்மாவ ஏன்டா மாட்டோட சேக்கிற?"ன்னு மறுபடியும் சிரிச்சாங்க.

அப்ப வந்திச்சு ஜிம்மி. தோட்டம் பூரா காப்புக் கட்டி, ஒரு முள்ளு எலும்பு கூட இல்லாம காஞ்சு போன நாயி. என்னைத் தாண்டிப் போச்சு, சோத்துச் சட்டியத் தாண்டிப் போச்சு, நேரா போய் அக்கா உள்ளங்கைய நக்க ஆரம்பிச்சிடுச்சு. தள்ளி விட்டா மறுகைக்குப் போகுது. அக்கா சிரிப்பு ரேடியோவ நிப்பாட்டின மாதிரி நின்னுச்சு. மஸ்டர்ல பெருமாள் அண்ணே பின்னால வந்த நாய்க் கூட்டத்த அவங்களும் பாத்தவங்கதானே. கைய மூக்குக்கிட்ட கொண்டு போனாங்க. என்னைப் பாத்தாங்க. நேரா தண்ணி கொட்டுற பீலிக்குப் போய், சாம்பல் போட்டு, மஞ்சள் போட்டு, வெடிப்பு மூடின அந்தப் புதுத் தோல தேய் தேய்னு தேச்சாங்க. "மெதுவாக்கா, மறுபடியும் பிளந்திடும்"ன்னேன். தண்ணி ஓடிக்கிட்டே இருந்திச்சு. கடைசியில திரும்பாமலே சொன்னாங்க: "ஒரே ஒரு தடவ நீ சிரிக்காம சொல்லியிருக்கலாமேடா."

டப்பாவுக்கு ஒரு படம்

மறுநாளே பெல்மதுளைக்குப் போய், மிஸ்ஸுக்கிட்ட வேல வேணாம்னு சொன்னேன். அவங்க கேக்கல. அப்பிடின்னா டப்பா மேல பெருசா ஒரு மாட்டுப் படமாவது போடுங்க, என் வாய நம்பாதவங்க கண்ணையாவது நம்பட்டும்னேன். மிஸ் அடுப்புல கொழுப்பக் கிண்டிக்கிட்டே சொன்னாங்க: "அனே மல்லி, மாட்டுப் படம் போட்டா பால் மாவுன்னு நெனைச்சு தேத்தண்ணியில கரைச்சுக் குடிச்சிடுவாங்க."

ஸ்டோர் வளைவு

அக்கா யாருக்கும் சொல்லல. அம்மனுக்கு மட்டும் நேராவே சொல்லிட்டாங்களாம். "தெரியாம பூசினேன், தெரிஞ்சப்பறம் தொடல, இனி நீ பாத்துக்கன்னுட்டேன்"ன்னு எனக்கிட்ட சொன்னாங்க. அவ்வளவுதான், அதுக்கப்பறம் எனக்கிட்ட பேச்சு இல்ல. டப்பாவ நிப்பாட்டினாங்க, ஸ்டோர் வேல நிக்கல. தீச்சட்டி நாளைக்குள்ள வெடிப்பெல்லாம் பழையபடி வந்திடுச்சு. நான் ஒரு வாளித் தண்ணியத் தூக்கிக்கிட்டு ஊர்வலத்துக்கு முன்னால போய், அக்கா நடக்கிற பாதையில ஊத்தி, காலுல குத்துற கல்லப் பொறுக்கினேன். யாரும் கேக்கல, நானாத்தான் செஞ்சேன். வேப்பிலைய கையில விரிச்சு, அது மேல எரியிற சட்டியோட அக்கா வாறாங்க. ஸ்டோர் வளைவு வந்திச்சு. போன வருஷ எடம். சட்டி ஒரு பக்கம் சாய்ஞ்சிச்சு. வேப்பிலையில செவப்பா ஒரு கோடு எறங்குறத நான் பாத்தேன். முருகையா மாமா ரெண்டு கையையும் நீட்டிட்டாரு. மேளம் கூட ஒரு அடி பிந்திச்சு. எனக்கு என் வாழ்க்கையில மொத தடவையா சொல்றதுக்கு ஒரு ஜோக்கும் வரல.

அக்கா நீட்டின கைய பாக்கவே இல்ல. ரெண்டு முழங்கையையும் விலாவோட இறுக்கி, சட்டிய நெஞ்சுக்கு நேரா நிமித்தி, ஒரு மூச்சு எடுத்தாங்க. நடந்தாங்க. கோயில் வாசல்ல அவங்க புருஷன் நிக்கிறாரு, அவரு முன்னாலயே கொண்டு போய், அம்மன் காலடியில அவங்க கையாலயே எறக்கி வச்சாங்க. அவரு கண்ணு கலங்கி அப்பிடியே நிக்கிறாரு. நான் வெறும் வாளியோட ரோட்டு ஓரத்துல குந்திட்டேன்.

மஞ்சத்தண்ணி முடிஞ்சு, காப்பு அவுத்து, லயம் பூரா ஆட்டுக்கறி கொதிச்சு, எல்லாம் ஓய்ஞ்சிடுச்சு. அக்கா டிஸ்பென்சரிக்குப் போய் கட்டுப் போட்டு, ரத்தம் வந்த வெடிப்பெல்லாம் மூடினதுக்கப்பறம் ஒரு நாளு, எங்க ரெண்டு காம்பராவுக்கும் நடுவுல இருக்கிற சுவத்துல டொக் டொக்குன்னு தட்டுற சத்தம் கேட்டிச்சு. ரொம்ப நாளைக்கப்பறம் அக்கா கொரலு: "டேய் நிரோ, திங்கத்தான்டா மாட்டேன். அந்த மாட்டக் கொண்டா. சிரிக்காம கொண்டா."

ஆக மச்சான்மாரே, நான் பொய் சொல்லி ஒரு டப்பாவும் விக்கல, உண்மைய சொன்னாலும் ஒருத்தரும் நம்பாத அளவுக்கு ஒரு வாய வளத்து வச்சதுதான் இந்த வியாபாரத்துல என்னோட பங்கு.